சீரோட வந்ததும் சந்தையில வாங்குனதும்

போனோட வர்ற ஆப்பெல்லாம் குப்பைங்கிற. சரிதான் அப்பு. அதை ஒதுக்கிட்டு வெளியில இருந்து ஒண்ண எறக்குற. பத்து நாள்ல அதுவும் குப்பைங்கிற. பெறவு இன்னொண்ணு. எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். குப்பை ஆப்லதான் இருக்கா?

கோவிச்சுக்கிடாத. நான் பெரிய படிப்புப் படிச்சவன் இல்ல. இளையாத்தங்குடியில செட்டியார் வீட்டுப் பெட்டியடியில உக்காந்து பேரேடு எழுதிப் பொழச்சவன். வட்டி போடத் தெரியும். ஐந்தொகை எடுக்கத் தெரியும். வாசல்ல வந்து நிக்கிறவன் மொகத்தப் பாத்தா, குடுத்த கடன் திரும்புமா திரும்பாதான்னு தெரியும். ஒம் போனப் பத்திப் பேச அம்புட்டுப் படிப்புப் போதும்.

எங்க பக்கத்துக் கல்யாணத்துல சாமான் பரப்புறதப் பாத்திருக்கியா? நகரத்தார் வீட்டுல பொண்ணுக்குக் குடுக்குற சாமானத்தையெல்லாம் கொண்டாந்து பரப்பி வைப்பாக. வெள்ளி ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம், எவர்சில்வர் ஒரு பக்கம். சீமையில இருந்து கப்பல்ல வந்த எனாமல் தூக்குச்சட்டி தனியா ஒரு வரிசை. வெளக்கமாறு மொதக்கொண்டு இருக்கும். ஊரே வந்து எண்ணிப் பாக்கும். சரி, அந்தப் பொண்ணு அதுல எதை அடுப்புல ஏத்துச்சு? நாலு சட்டி, ரெண்டு கரண்டி. மிச்சம் பூரா அறைக்குள்ள பூட்டிக் கெடக்கும். பேத்தி தலையெடுத்த பெறவு காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவுல பழஞ்சாமான் கடைக்குப் போகும். வெளிநாட்டுக்காரன் வந்து தட்டிப் பாத்து வெல கேப்பான்.

ஒம் போனும் சீரோட வந்ததுதான் அப்பு. படம் பாக்க கேலரின்னு ஒண்ணு, போட்டோஸ்னு ஒண்ணு. வலைக்குள்ள போகப் போன் கம்பெனிக்காரன் போட்டது ஒண்ணு, கூகுள்காரன் போட்டது ஒண்ணு. ஒடம்பு எடைய எழுதி வைக்க ஒண்ணு. பங்குச் சந்தை பாக்க ஒண்ணு. ஒனக்குப் பங்காளி இருக்கான், பங்கு எங்கிட்டு இருக்கு? ஒரே ஒரு வித்தியாசம். கல்யாணச் சீரு பெத்தவுக குடுத்தது. கொஞ்சம் பாசம், கொஞ்சம் பவுசு. இந்தச் சீரு யாரு குடுத்தா? எதுக்குக் குடுத்தா? என்னைக்காச்சும் கேட்டியா?

நான் சொல்றேன். 2022ஆம் வருசம் கூகுள் ஆப்பிளுக்குக் குடுத்த காசு 2,000 கோடி டாலர். ஐபோன்ல சஃபாரியத் தொறந்து தேடுனா, நீ எதையும் மாத்தாத வரைக்கும் கூகுள்தான் வந்து நிக்கணும். அதுக்குத்தான் அம்புட்டுக் காசு. இது ஊர்வம்பு இல்ல, அமெரிக்கக் கோர்ட்டுல வெளிய வந்த கணக்கு. அந்த வழக்குல 2024 ஆகஸ்ட்டுல தீர்ப்பு எழுதுனவரு அமித் மேத்தா. குஜராத்துல பொறந்த மனுசன். தேடுறதுல கூகுள் சட்டத்துக்குப் புறம்பா ஏகபோகம் நடத்துதுன்னு சொல்லிட்டாரு. நான் கணக்குக்காரன், எனக்குத் தீர்ப்ப விடத் தொகைதான் ருசி. யோசிச்சுப் பாரு. அத மாத்தக் கூடாதுன்னு ஒன் கைய யாரும் கட்டிப் போடல. அமைப்புக்குள்ள போயி நாலு தட்டுத் தட்டுனா வேற தேடுபொறி வந்துரும். அப்புறம் எதுக்கு 2,000 கோடி டாலரு? நீ மாத்த மாட்டங்கிற நம்பிக்கைக்குத்தான். அடுத்த தடவ ஒங்கப்பன் ஒன்னயச் சோம்பேறின்னு திட்டுனா, இந்தக் கணக்கச் சொல்லு.

ஆனா நீ மாத்துற ஆளு. வாஸ்தவம். அதுக்கு வர்றேன், சித்த இரு.

நம்ம நாட்டுலயும் வழக்கு நடந்துச்சு. 2022 அக்டோபர் 20ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. பிளே ஸ்டோர் வேணும்னா எங்க மத்த ஆப்பையும் சேத்துத்தான் ஏத்தணும்னு போன் செய்யிறவுகள நெருக்குறாகங்கிறது குத்தச்சாட்டு. அதோட, போனோட வந்த கூகுள் ஆப்ப வேண்டாங்கிறவன் எடுத்துப் போட விடணும்னும் ஒரு உத்தரவு. நல்ல உத்தரவு. மேல்முறையீட்டுக்குப் போனாக. 2023 மார்ச்சுல தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதம் சரின்னுச்சு. ஆனா ஆணையத்தோட உத்தரவுல நாலைத் தள்ளிருச்சு. அந்த நாலுல, எடுத்துப் போட விடணும்ங்கிறதும் ஒண்ணு. வெளங்குதா? அபராதம் அரசாங்கத்துக்கு, சாமான் ஒனக்கு. முடக்குன்னு ஒரு பொத்தான் இருக்கு பாரு, அதுதான் ஒனக்குக் கெடச்ச நீதி. அறைக்குள்ள பூட்டி வைக்கலாம், வாசலுக்கு வெளிய போட முடியாது.

அரசாங்கமும் சும்மா இருக்குமா? நானும் ஒரு செம்பு வைக்கிறேன்னு வந்துச்சு. 2025 நவம்பர் கடைசியில தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டுச்சு. இனிமே வர்ற போன்லயெல்லாம் சஞ்சார் சாத்தி ஆப்ப ஏத்தியே அனுப்பணும், 90 நாள் கெடு. எதிர்க்கட்சியும் சனமும் போட்ட சத்தத்துல டிசம்பர் 3ஆம் தேதி, கட்டாயம் இல்லன்னு வாபஸ் வாங்கிட்டாக. தொலஞ்ச போன முடக்க அது ஒதவும், நல்ல சாமான்தான். நல்ல சாமானா இருந்தா? கேக்காமக் கொண்டாந்து அடுப்படியில வைக்கலாமா?

சீர்ச் சாமானுக்கு ஒரு நல்ல கொணம் உண்டு அப்பு. ராத்திரி பித்தளையா இருந்த அண்டா வெடிஞ்சு பாத்தா பீங்கானா நிக்காது. ஒம் போன்ல நிக்கும். 2025 ஆகஸ்ட்டுல நாடு முழுக்க நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? கூகுளோட போன் ஆப், அதான் நம்பரு போட்டுப் பேசுறது, மொகத்த மாத்திக்கிட்டு வந்து நின்னுச்சு. பிடிச்சவுக பட்டியலையும், பேசுனவுக பட்டியலையும் ஒரே எடத்துல கொட்டி வச்சிருந்துச்சு. ஒரே ஆளு நாலு தடவ கூப்பிட்டா முந்தி ஒரே வரியில அடங்கும். அதுக்குப் பெறவு நாலு வரியாச்சு. கூப்பாடு வந்தா மேல தள்ளுறதா, பக்கத்துல தள்ளுறதா, தட்டுறதா? எவனோ போனுக்குள்ள பூந்துட்டான்னு ஊரூராப் பதறுனாக. அந்தப் புது மொகத்துக்கு மெட்டீரியல் 3 எக்ஸ்பிரசிவ்னு பேராம். பேரு வச்ச நேரத்துல, மாத்தவான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா என்ன கொறஞ்சு போகும்?

வெவரம் தெரிஞ்ச பயலுக வழி சொன்னானுக. ஆப்ப அழுத்திப் பிடி, தகவலுக்குள்ள போ, மூலையில மூணு புள்ளி, அப்டேட்ட நீக்கு. பழைய மொகம் வந்துரும். தெரிஞ்சவன் செஞ்சான். தெரியாதவன் அழுதுக்கிட்டே பழகிக்கிட்டான். அம்புட்டுத்தான் ஒலகம்.

இதே ஆப் மேல இன்னொரு பிராது உண்டு. பேச்சப் பதிவு பண்ணப் போனா, பதிவாகுதுன்னு ரெண்டு பக்கமும் கேக்குற மாதிரிச் சொல்லிரும். முந்தி பல கம்பெனிப் போன்ல சொந்த ஆப் இருந்துச்சு, மூச்சு விடாமப் பதிஞ்சுக்கிரும். அத எடுத்துட்டுக் கூகுளோடத ஏத்துனாக. சரி, வெளி ஆப் எறக்குவோம்னா, 2022 மே 11ஆம் தேதியில இருந்து பிளே ஸ்டோர்ல அதுக்கு வழியடச்சாச்சு. ட்ரூகாலரும் அந்த வசதிய அப்ப நிறுத்துனாக. சனம் பொலம்புச்சு. நான் பொலம்பல. அடுத்தவன் பேச்ச அவனுக்குத் தெரியாம முடிஞ்சு வைக்கிறது என்ன நாணயம்? சொல்லிட்டுப் பிடி. அதக் கூகுள் சொன்னாலும் நாயம்தான், கழுத சொன்னாலும் நாயம்தான்.

காசு கதைக்கு வா. 2021 ஜூன் 1க்கு முந்தி, எம்புட்டுப் படம் வேணும்னாலும் கூகுள் போட்டோஸ்ல ஓசியா வைக்கலாம், கொஞ்சம் சுருக்கிக்கிருவாக, அம்புட்டுத்தான். சனம் காதுகுத்து, கல்யாணம், கருமாதி எல்லாத்தையும் கொண்டுபோயி அடைச்சுச்சு. நல்லா அடைச்ச பெறவு, இனிமே வர்றதெல்லாம் 15 ஜிபிக் கணக்குல சேரும், மெயிலும் அதுக்குள்ளதான்னாக. நெறஞ்சா வாடகை குடு. மொதல்ல ஓசி, பெறவு வாடகை. இத நான் புதுசா எந்தப் புத்தகத்துல படிக்கணும்? பர்மாவுல கடை வச்ச ஊரு அப்பு இது.

ஆக, சீர்ச் சாமான் மேல ஒனக்குக் கடுப்பு. அந்தக் கடுப்புல நாயம் இருக்குன்னு நானே சாட்சி சொல்லியாச்சு. இனிச் சந்தையில வாங்குனதப் பாப்பம்.

டார்ச்சு கதை கேட்டிருக்கியா? ஒரு காலத்துல போன்ல வெளக்கு இருக்கும், ஏத்துறதுக்குப் பொத்தான் இருக்காது. அதுக்குன்னு வெளி ஆப் எறக்குவாக. பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்னு ஒண்ணு கோடிக்கணக்குல எறங்குச்சு. ஓசி. 2013 டிசம்பர்ல அமெரிக்க வர்த்தக ஆணையம் அதப் பிடிச்சுது. நீ எங்க நிக்கிறங்கிறத வெளம்பரக்காரனுக்குச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. சம்மதமா, மறுப்பான்னு ரெண்டு பொத்தான் வேற மரியாதையாக் காட்டியிருக்கு. நீ எதையும் அழுத்துறதுக்கு முன்னாலயே சேதி போயிருச்சாம். கடைசியில ஆணையத்தோட சமாதானத்துக்கு வந்தாக. வெளக்கேத்த எதுக்குடா விலாசம்? இருட்டுல கண்மாய்க்கரையில நீ குத்தவச்சிருக்கிறது, கடல் தாண்டிச் சோப்பு விக்கிறவனுக்கு எதுக்குடா?

அந்த வருசமே ஐபோன்லயும், மறு வருசம் ஆண்ட்ராய்டுலயும் டார்ச்சுப் பொத்தான் உள்ளயே வந்துருச்சு. பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. ஒஞ் சின்னத்தாத்தா போனத் தொறந்து பாரு. இன்னமும் ஒரு டார்ச் ஆப் தனியாக் கெடக்கும். அது பக்கத்துலயே பேட்டரிய மிச்சம் பண்ற ஆப்னு ஒண்ணு. ராத்திரி பூரா அந்த ஆப் முழிச்சிருந்து பேட்டரியக் காவல் காக்கும். காவல்காரனே சோத்தத் தின்னுட்டா காலையில பானையில என்ன இருக்கும்?

2020ல இன்னொண்ணு நடந்துச்சு. பார்கோடு ஸ்கேனர்னே பேரு, கட்டம் கட்டமா இருக்கிறதப் படிக்கிற ஆப். ஒரு கோடிப் பேருக்கு மேல வச்சிருந்தாக. வருசக்கணக்கா ஒழுங்காத்தான் இருந்துச்சு. அந்த டிசம்பர்ல ஒரு அப்டேட் வந்துச்சு. பெறவு போன்ல பிரவுசர் தானாத் தொறந்து வெளம்பரம் காட்ட ஆரம்பிச்சிருச்சு.

கேம்ஸ்கேனரத் தெரியும்ல? பட்டா, பத்திரம், ஆதாரு, ரேசன் கார்டு எல்லாத்தையும் அதுலதான் படம் பிடிச்சு அனுப்புனாக. 2019லயே வைரஸ் பிடிக்கிற காஸ்பர்ஸ்கி கம்பெனி ஆளுக அதுல வேண்டாத சரக்கு ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சு, பிளே ஸ்டோர்ல கொஞ்ச நாள் எடுத்து வச்சாக. மறு வருசம் ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு 59 சீன ஆப்பத் தடை பண்ணுனப்ப அதுவும் போச்சு. டிக்டாக் போச்சேன்னுதான் நாடே அழுதுச்சு. நான் பட்டியல முழுசாப் படிச்சேன். ஷேர்இட், ஜெண்டர், யூசி பிரவுசர், இஎஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர். பூராம், போனோட வந்தது ஆகலன்னு நம்மாளு தேடிப் போயி ஏத்திக்கிட்ட சாமான். வீட்டுச் சட்டி நெளிஞ்சிருக்குன்னு சந்தையில வாங்குனா, சந்தையவே ஒரு நாள் பூட்டிட்டாக.

இது எல்லாம் திருட்டு ஆப்பு, தாத்தா, நான் நல்லதாப் பாத்துத்தான் எடுப்பேங்கிறியா? சரி, நல்ல ஆப்பு கதையே சொல்றேன். டிபோர் கபுடான்னு ஸ்லோவாக்கியாக்காரரு. சிம்பிள் மொபைல் டூல்ஸ்னு ஒரு வரிசை பண்ணுனாரு. கேலரி, காலண்டர், கோப்பு பாக்கிறது, குறிப்பு எழுதுறது. வெளம்பரம் கெடையாது. வேண்டாத அனுமதி கேக்காது. நிரல் பூராம் தொறந்து கெடக்கும், யாரும் படிச்சுப் பாக்கலாம். ஒன்னய விட வெவரமான பயலுகல்லாம் அதத்தான் ஏத்துனானுக, அடுத்தவனுக்கும் சொன்னானுக. 2023 கடைசியில மனுசன் அத ஜிப்போஆப்ஸ்ங்கிற கம்பெனிக்கு வித்துட்டாரு. அவரு சாமான், அவரு வித்தாரு. அதுல நாம வாயத் தொறக்க முடியாது. ஆனா அவர நம்பி நீ தொறந்து விட்ட படமும் கோப்பும், யாருன்னே தெரியாத ஒருத்தன் கையில போயி நிக்குதே? நிரல் தொறந்து கெடந்த புண்ணியத்துல, அதுலயே வேலை பாத்தவுக பழசப் பிரதியெடுத்து ஃபாசிஃபைன்னு தனியா நடத்துறாக. தப்பிக்க ஒரு சந்து இருந்துச்சு. நீ ஏத்தி வச்சிருக்கிற மத்த ஆப்புல அந்தச் சந்து இருக்கா? பாத்தியா? பாத்திருக்க மாட்ட. ஐகான் அழகா இருக்கான்னு பாத்திருப்ப.

சந்தையில வாங்குனது எல்லாமே மோசமுன்னும் நான் சொல்லல. மலேயாவுக்குக் கொண்டுவிக்கப் போன பூமி இது. அங்கிட்டிருந்து வந்த நல்ல சாமான் ஒண்ணு உண்டு. மலேசியாவுல முத்து நெடுமாறன்னு ஒருத்தரு, போன்ல தமிழ் எழுதச் செல்லினம்னு ஒண்ணு பண்ணுனாரு. 2005ல சிங்கப்பூர்ல வெளியிட்டாக. அப்பல்லாம் முக்காவாசிப் போனோட தமிழ் வராது. நாம தங்கிலீசுல எழுதி, அம்மாவா அம்மாளான்னு மண்டையப் பிச்சுக்கிட்டுக் கெடந்தோம். கடைசியில என்னாச்சு? 2013ல ஐஓஎஸ் 7 வந்தப்ப அஞ்சல், தமிழ்99னு ரெண்டு விசைப்பலகையும் ஐபோனோடயே வந்துருச்சு. சந்தைச் சாமான் வேலையில சுத்தமா இருந்தா, சீரு பரப்புற கூடத்துக்கே வந்துரும் பாத்துக்க.

நம்ம தமிழ்நாட்டு ஸோஹோ கம்பெனி, சேதி அனுப்ப அரட்டைன்னு ஒரு ஆப் பண்ணுச்சு. 2021ல வந்தது. நாலு வருசம் சீந்த ஆளில்ல. 2025 செப்டம்பர் கடைசியில சுதேசிக் காத்து அடிச்சுது, சனம் அடிச்சுப் பிடிச்சு ஏத்துச்சு. நீயும் ஏத்துன. எனக்கும் ஏத்தி விட்ட. அப்ப எழுத்துச் சேதிக்கு, நடுவுல யாரும் படிக்க முடியாத முழுப்பூட்டுக்கூட அதுல இல்ல, வாட்ஸப்புல இருந்துச்சு. அது போகட்டும், செய்வாக. எனக்குக் கேள்வி வேற. அதுல நான் யாரு கூட அரட்டை அடிக்க? ஒங்க அயித்த வாட்ஸப்புல, பங்காளி வாட்ஸப்புல, பால்காரரு வாட்ஸப்புல, கைலாசநாதர் கோயில் சேதியும் வாட்ஸப்புல. அரட்டையில நீயும் நானும். நாமதான் இங்கயே உக்காந்து பேசிக்கிட்டு இருக்கமே!

ஆகலன்னு தூக்கிப் போடுறியே, மொதல்ல அது என்ன வேலைய ஒனக்குச் செய்யலன்னு சொல்லு பாப்பம். காலண்டர மாத்துன. எதுக்கு? பழைய காலண்டர் தேதியத் தப்பாக் காட்டுச்சா? கலரு பிடிக்கல. புதுசுக்கு மாத்துன, ஒரே கலரா இருந்துச்சு, அடுத்ததுக்குப் போன. மூணு காலண்டர் வச்சிருந்தும் ஒங்கையா தெவசம் மறந்து போச்சு. எங்க வீட்டுச் செவுத்துல தாள் கிழிக்கிற காலண்டர் தொங்குது. அது ஞாபகப்படுத்தாது, நாமதான் கிழிக்கணும். கிழிக்கிறப்பப் பாத்துக்கிருவோம். குறிப்பு எழுதுற ஆப்ப மாத்துன. நாலாவது ஆப்புல மொதக் குறிப்பு என்ன தெரியுமா? நல்ல குறிப்பு ஆப் எதுன்னு பாக்கணும். நானே படிச்சேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ கூடத்த இடிச்சுக் கட்டிக்கிட்டே இருக்க, எப்பத்தான்யா ஆடுவ?

மாத்து, வேண்டாங்கல. நெசமாவே உறுத்துறத மாத்து. தமிழ் ஒழுங்கா வராத விசைப்பலகையா, மாத்து. வெளம்பரமாக் கொட்டுதா, மாத்து. ஆனா புதுசா வர்றவன் கிட்ட, எங்க வாசல்ல கடன் கேட்டு வந்து நின்னவனக் கேட்ட கேள்வியக் கேளு. ஒனக்கு யாரு சோறு போடுறா? எங்கிட்ட காசு வாங்காம எப்பிடிப் பொழைக்கிற? டார்ச்சுக்கு எதுக்கு நான் நிக்கிற எடம், கால்குலேட்டருக்கு எதுக்கு நான் வச்சிருக்கிற நம்பர்ப் பட்டியல், செவுத்துப் படத்துக்கு எதுக்கு மைக்கு? முழுங்குனான்னா அனுப்பி வை. மாசம் அம்பது ரூபா குடு, வெளம்பரம் கெடையாதுங்கிறானா? அவன் கொஞ்சம் நாணயஸ்தன், கணக்கு நேரடியா இருக்கு. ஆனா நீ அவன்கிட்டத்தான் பேரம் பேசுவ. எரநூறு ரூவா பிரியாணிக்கு யோசிக்காத பய, அம்பது ரூவா ஆப்புக்கு மூக்கால அழுவ.

கடைசியா ஒண்ணு. இது கிண்டல் இல்ல. பொங்கலுக்கு வர்றப்பல்லாம் ஒங்க அப்பத்தா போன வாங்கி, சுத்தம் பண்றேன்னு எதையோ ஏத்தி எதையோ எறக்கிட்டுப் போயிடுற. அது பச்சைப் பொத்தான் எங்க இருக்குன்னு எடத்த வச்சுத்தான் பழகியிருக்கு, எழுத்த வச்சு இல்ல. நீ ஊருக்குப் போன பெறவு, மெட்ராசுல இருக்கிற மகளக் கூப்பிடத் தெரியாமப் பக்கத்து வீட்டுப் புள்ளையக் கெஞ்சிக்கிட்டு நிக்கிது. கூகுள்காரன் கேக்காம மாத்துனா கத்துறல்ல? ஒம் போன்ல எதையும் மாத்திக்க. அவ போன்ல கை வச்சா, பஸ் ஏறுறதுக்கு முந்திப் பழையபடி ஆக்கிட்டு, அவளையே ஒரு தடவ மகளுக்குப் பேசச் சொல்லிப் பாத்துட்டுப் போ.